டீச்சரைக் கேளுங்கள்: அட்டையில் நம்ம பொண்ணு

போன மாதம் 'நம் சிங்கப்பூர்ப் பிள்ளைகள் விடுமுறையில் என்ன படிக்கிறார்கள்?' என்று இந்தப் பக்கத்தின் ஓரத்தில் ஒரு வரி கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைப் பற்றி. தெற்காசியப் பெண்பிள்ளைகளை நாயகியாக வைத்து ஆங்கிலத்தில் வருகிற இளையர் நாவல்கள். அதனால் இந்த மாதம் இலக்கணச் சந்தேகங்களுக்கு ஓய்வு. 'அங்கு' என்ற சொல்லுக்குப் பின் ஒற்று மிகுமா என்று கேட்டவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். மிகும்.

என் மகள் உயர்நிலை மூன்று. நூலகத்திலிருந்து அவள் எடுத்து வந்த புத்தக அட்டையில் நம்ம பொண்ணு மாதிரி ஒருத்தி, மருதாணிக் கையோடு சிரிக்கிறாள். நம் கலாசாரம் பற்றியது போல என்று புரட்டினால் உள்ளே காதல். தடுக்கலாமா டீச்சர்?
– ஓர் அம்மா, செங்காங்

மருதாணிக் கையில் குளிர்ந்த காப்பியும் இருக்கிறதா? அப்படியானால் அது 'வென் டிம்பிள் மெட் ரிஷி'. சந்தியா மேனன் எழுதியது, 2017இல் வந்தது. அட்டையில் அவள் பிடித்திருக்கிற மாதிரி ஒரு காப்பியைத்தான் முதல் சந்திப்பிலேயே ரிஷியின் மேல் வீசுவாள். பாவம் அந்தப் பையன். இரண்டு வீட்டுப் பெரியவர்களும் பேசிவைத்தது அவனுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. வருங்கால மனைவியே என்று பல்லைக் காட்டிக்கொண்டு வந்து நிற்கிறான், வாங்கிக் கட்டிக்கொள்கிறான்.

டிம்பிள் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போனது கணினி நிரல் எழுதக் கற்றுத்தரும் கோடைக்கால வகுப்புக்கு. அப்பாவின் நீரிழிவை மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு செயலி செய்யவேண்டும் என்பது அவள் கனவு. இந்த மாதிரிப் புத்தகங்களை எடைபோட நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான். பையன் கதைக்குள் வருவதற்கு முன்னால் இந்தப் பெண்ணுக்கு என்ன வேண்டியிருந்தது? அதற்குப் பதில் இருந்தால் தாராளமாகப் படிக்கலாம். அவன் வந்த பிறகுதான் அவளுக்கு மூச்சே வருகிறது என்றால், அது எந்த மொழியில் இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

பின்பாதியில் இருவரும் நெருங்கிப் பழகும் இடம் ஒன்று உண்டு. உங்களிடம் மறைக்கவில்லை. ஆனால் ஒன்று சொல்லட்டுமா? பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்ததோடு மதிய வேளையில் நூலகத்தையும் நான் பார்த்துக்கொண்டேன். நிறையக் கை மாறிய புத்தகத்தை மேசைமேல் முதுகுப்பக்கமாக நிறுத்திக் கையை எடுத்துவிட்டால், தானாக ஒரு பக்கத்தில் விரியும். பிள்ளைகள் திரும்பத் திரும்பப் படித்த பக்கம் அது. முத்தம் கொடுக்கிற பக்கம் என்றுதானே நினைப்பீர்கள்? சில அப்படி விரிந்தன, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பெண்பிள்ளைகள் அதிகம் எடுத்துப்போன புத்தகங்கள் பெரும்பாலும் அம்மாவும் மகளும் சண்டை போடுகிற பக்கத்தில்தான் விரிந்தன. எந்த வார்த்தை எங்கே குத்தும் என்று ஒத்திகை பார்த்திருக்கிறார்கள் போலிருக்கிறது!

தடுத்தால் கைப்பேசியில் இரவல் எடுப்பாள். அப்போது அட்டைகூட உங்கள் கண்ணில் படாது. அவள் முடித்ததும் திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால் நீங்களும் படித்துவிடுங்கள். டிம்பிளின் அம்மாவுக்கு மகளின் கண்மை பற்றித்தான் கவலை. அந்த இடம் வரும்போது உங்களுக்கே சிரிப்பு வரும்.

நம்ம பெண்கள் இந்த நாவல்களுக்குள் எப்போது நுழைந்தார்கள்?
– வாசகர், தெம்பனிஸ்

பலரும் தொடக்கமாகச் சொல்வது தனுஜா தேசாய் ஹிடியரின் 'பார்ன் கன்ஃபியூஸ்ட்', 2002. நியூ ஜெர்சியில் வளரும், கேமராவும் கையுமாக அலைகிற பெண். அவள் பெயரும் டிம்பிள்தான், டிம்பிள் லாலா. அதற்கும் முன்பே, 1993இல், மித்தாலி பெர்க்கின்ஸ் 'த சுனிதா எக்ஸ்பெரிமென்ட்' எழுதிவிட்டார். வெள்ளம்போல வந்தது 2014க்குப் பிறகு. அந்த ஆண்டில்தான் அமெரிக்காவில் 'எல்லா நிறப் பிள்ளைகளுக்கும் புத்தகம் வேண்டும்' என்று எழுத்தாளர்கள் சேர்ந்து இயக்கமாகக் குரல் கொடுத்தார்கள். ஜெர்சி சிட்டியின் பாகிஸ்தானியப் பெண் கமலா கான் என்கிற சாகச நாயகிக்கு மார்வெல் தனிக் காமிக்ஸ் தொடர் தொடங்கியதும் அதே ஆண்டுதான்.

இரண்டு டிம்பிள்கள் வந்துவிட்டார்கள். ஒரு முத்துலட்சுமி வரட்டும் என்று காத்திருக்கிறேன்.

எனக்கு 16 வயது. சமூக மன்றத்தில் பரதநாட்டியம் படிக்கிறேன். நான் எடுத்த புத்தகத்தில் எல்லாம் நாயகி பஞ்சாபி அல்லது குஜராத்தி, ஊர் அமெரிக்கா. தமிழ்ப் பெண்ணே கிடையாதா டீச்சர்?
– உயர்நிலை நான்கு மாணவி, ஈசூன்

இருக்கிறாள்மா. பத்மா வெங்கட்ராமன் என்று தேடு. சென்னையில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர், கடலியல் படித்த விஞ்ஞானி.

முதலில் 'கிளைம்பிங் த ஸ்டேர்ஸ்' படி. 2008இல் வந்தது, கதை நடப்பது 1941இல். வித்யாவுக்கு 15 வயது. பம்பாயில், டாக்டர் அப்பாவின் செல்லமாக வளர்ந்தவள். கல்லூரிக்குப் போகவேண்டும் என்பதுதான் ஆசை, அந்தக் காலத்தில் அவள் வயதுப் பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு எடுத்துவிடுவார்கள். விடுதலைப் போராட்ட ஊர்வலத்தில் போலீஸ் தடி அப்பாவின் தலையில் இறங்குகிறது. அவர் பிழைக்கிறார், ஆனால் பழைய அப்பா திரும்பவில்லை. தன்னால்தான் இப்படி ஆனது என்று வித்யா உள்ளுக்குள் குமைகிறாள். வேறு வழியில்லாமல் குடும்பம் சென்னையில் தாத்தாவின் கூட்டுக்குடும்ப வீட்டுக்கு வந்து சேர்கிறது.

அந்த வீட்டில் மாடி ஆண்களுக்கு, கீழ்த்தளம் பெண்களுக்கு. அம்மாவை வேலைக்காரி மாதிரி நடத்துகிற பெரியம்மா ஒருத்தி. தாத்தாவின் நூலகமோ மாடியில். வித்யா ஒருநாள் துணிந்து தாத்தாவிடமே போய்க் கேட்கிறாள், அனுமதி கிடைக்கிறது. ஒரு வீட்டுக்குள் இருக்கிற படிக்கட்டை ஏறுவதைப் போய் ஒரு நாவலாக எழுதலாமா என்று கேட்காதே. எழுதியிருக்கிறார், நமக்கு மூச்சு வாங்குகிறது. ராமன் என்று ஓர் இளைஞன் வருகிறான். ஆனால் அவனுக்கு முன்னால் புத்தக அலமாரி வந்துவிடுகிறது. என் பரீட்சையில் முழு மதிப்பெண்.

அப்புறம், உனக்கென்றே எழுதினதுபோல ஒன்று: 'எ டைம் டு டான்ஸ்', 2014. வேதா சென்னைப் பெண், பரதநாட்டியம்தான் உயிர். போட்டியில் ஜெயித்துவிட்டுத் திரும்பும் வழியில் விபத்து, முழங்காலுக்குக் கீழே ஒரு காலை எடுத்துவிடுகிறார்கள். பழைய ஆசிரியர் கைவிட்டுவிடுகிறார். செயற்கைக் காலோடு வேறோர் இடத்தில் சேர்ந்து, பொடிசுகளோடு வரிசையில் நின்று, அடிப்படையிலிருந்து மறுபடி தொடங்குகிறாள். மேடையில் கைதட்டல் வாங்கியவளுக்கு அது எவ்வளவு கூச்சமாக இருந்திருக்கும்! அரைமண்டியில் உட்கார்ந்தால் தொடை எப்படி நடுங்கும் என்று உனக்குத் தெரியும், அதனால் நான் படித்ததைவிட நீ இன்னும் நன்றாகப் படிப்பாய். முழுக்கக் கவிதை வடிவம். வரிகள் சின்னவை, தேர்வுக்கு நடுவிலும் படித்துவிடலாம். (இதை நான் சொன்னதாக அம்மாவிடம் சொல்லாதே.)

தொடரைப் பார்த்தாலே போதாதா? நெட்ஃபிளிக்ஸில் தேவி தமிழ்ப் பெண்தானே!
– வாசகி, அங் மோ கியோ

'நெவர் ஹாவ் ஐ எவர்' நானும் பார்த்தேன், 2020இலிருந்து 2023வரை நாலு பருவமும். ஏறக்குறைய 15,000 பேர் விண்ணப்பித்ததில் தேர்வான மைத்ரேயி ராமகிருஷ்ணன் கனடாத் தமிழ்ப் பெண். துறுதுறுவென்று நடித்திருக்கிறாள். தேவிக்குக் கோபம் வரும்போதெல்லாம் அடியில் இருப்பது அப்பா இறந்த துக்கம். அதைப் புரிந்துகொள்கிற பிள்ளைகள் புத்தகத்துக்கும் வருவார்கள். பாருங்கள், படியுங்கள். சண்டை எதற்கு?

மகளிடம் வாங்கிச் சில நாவல்களைப் படித்தேன். எல்லாவற்றிலும் பெற்றோர்தான் கொடுமைக்காரர்கள். மகள் விருப்பத்தைக் கேட்கும் அப்பாவே உலகில் இல்லையா?
– ஓர் அப்பா, ஜூரோங் வெஸ்ட்

ஐயா, மகளிடம் புத்தகம் கேட்டு வாங்கிப் படித்த அப்பாவே கடிதம் எழுதியிருக்கிறார். அப்புறம் எப்படி இல்லை என்பது?

உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் சில கதைகளில் அந்தக் கொடுமை கற்பனை இல்லை. ஆயிஷா சயீதின் 'ரிட்டன் இன் த ஸ்டார்ஸ்' (2015) எடுத்துக்கொள்ளுங்கள். நைலாவின் வீட்டில் படிப்பை அவளே தேர்ந்தெடுக்கலாம், தொழிலைத் தேர்ந்தெடுக்கலாம், கணவனை மட்டும் கூடாது. ஒருவனை விரும்புவது தெரிந்ததும் விடுமுறை என்று சொல்லிப் பாகிஸ்தானுக்கு அழைத்துப் போகிறார்கள். பிறகு கட்டாயக் கல்யாணம். பார்த்துப் பேசி முடிக்கும் கல்யாணம் வேறு, இது வேறு. அந்த வேறுபாட்டை ஒரு பதினைந்து வயதுப் பெண் தெரிந்து வைத்திருப்பது நல்லதுதான். நம் ஊரில் பதிவுத் திருமணத்துக்கு 21 வயது நிறையாதவர் பெற்றோர் சம்மதம் காட்டவேண்டும், 18க்குக் கீழ் என்றால் சிறப்பு உரிமமே வேண்டும். பெற்றோர் சம்மதத்துக்கு இவ்வளவு கவனம் எடுக்கும் சட்டத்தைப் பற்றிப் பேசும்போது, பெண்ணின் சம்மதத்தைப் பற்றியும் அதே மூச்சில் வீட்டில் பேசலாமே.

உங்களுக்கு நான் தருவது வேறு இரண்டு. ஒன்று, சபா தாஹிரின் 'ஆல் மை ரேஜ்'. 2022இல் அமெரிக்காவின் தேசியப் புத்தக விருது வாங்கியது. நூரை அவள் சித்தப்பா சின்ன வயதில் நிலநடுக்க இடிபாட்டிலிருந்து மீட்டு வளர்த்தவர். இப்போது அவளைத் தன் மதுக்கடையில் உட்காரவைத்து, கல்லூரிக்குப் போகவிடாமல் தடுக்கிறார். அவளோ அவருக்குத் தெரியாமல் விண்ணப்பம் போடுகிறாள். உயிரைக் காப்பாற்றியவருக்கு வாழ்நாள் முழுக்கக் கடன்பட்டிருக்க வேண்டுமா? பதினெட்டு வயதுக்கு இது ரொம்பப் பெரிய கேள்வி. அதே கதையில் மிஸ்பா என்று ஒரு தாய் வருகிறாள். நூர் அவள் பெற்ற பிள்ளை இல்லை, ஆனாலும் அந்தப் பெண்ணுக்குச் சாய்ந்துகொள்ள ஒரு மடி அங்கேதான். கொஞ்சம் கனமான புத்தகம், குடிப்பழக்கம், அடி எல்லாம் வரும். மகளுக்கு 15க்கு மேல் என்றால் கொடுங்கள்.

இன்னொன்று மித்தாலி பெர்க்கின்ஸின் 'யூ பிரிங் த டிஸ்டன்ட் நியர்' (2017). வங்காளக் குடும்பம், மூன்று தலைமுறைப் பெண்கள். நியூயார்க்குக்கு வந்த புதிதில் கறுப்பினத்தவரைக் கண்டால் ஒதுங்கிப் போகிற அம்மா ராணி. மகள் ஒருத்தி கறுப்பின இளைஞனையே மணக்க, வருடக்கணக்கில் முறுக்கிக்கொள்கிறாள். கடைசியில் மாறுகிறவர்களில் அதிக தூரம் நடந்து வருவது அவள்தான். பெண்கள் வளர்கிற கதை என்றால் பதினாறு வயதோடு நின்றுவிடவேண்டுமா என்ன?

நான் ஆண். உயர்நிலை இரண்டு. அக்காவுக்குத் தெரியாமல் அவள் புத்தகத்தைப் படித்தேன். பிடித்துவிட்டது. தப்பா?
– பெயர் வேண்டாம், புக்கிட் பாத்தோக்

படித்தது தப்பில்லை. படித்த இடம் தெரிய அவள் செருகியிருந்த அட்டையைப் பக்கம் மாற்றி வைத்திருந்தால் அது தப்பு.

குண்டாக, கறுப்பாக இருக்கிற பெண் நாயகி ஆகமுடியுமா? அட்டையில் நான் பார்த்ததில்லை.
– மாணவி, உட்லண்ட்ஸ்

சந்தியா மேனனின் இன்னொரு நாவல் 'தேர்'ஸ் சம்திங் அபௌட் ஸ்வீட்டி', 2019. ஸ்வீட்டி நாயர் மலையாளப் பெண், பருமன். பள்ளி ஓட்டப்பந்தய அணியில் அவளை யாரும் முந்த முடியாது. பையனின் அம்மா வந்து பேசும்போது, 'என் பெண் குண்டு, உங்கள் பையனுக்குப் பொருந்தமாட்டாள்' என்ற தோரணையில் மறுப்பது யார் தெரியுமா? ஸ்வீட்டியின் சொந்த அம்மா. வெளியாள் சொன்னால் துடைத்துப் போட்டுவிடலாம், இது அப்படியா? எனக்குப் பிடித்தது, கடைசிப் பக்கத்தில் அவளை இளைக்கவைத்து அழகியாக்கவில்லை. அவள் அவளாகவே ஓடுகிறாள்.

நிறத்துக்கு நான் தமிழுக்குத்தான் வருவேன். அடுத்த பதிலையும் படித்துவிடு.

இதெல்லாம் ஆங்கிலம். சிங்கப்பூர்ப் பெண்ணைப் பற்றி, தமிழில், இந்த வயதினருக்கு ஏன் இல்லை?
– தமிழாசிரியை, பொங்கோல்

சிங்கப்பூர்ப் பெண் ஆங்கிலத்தில் கொஞ்சம் வந்திருக்கிறாள். பல்லி கவுர் ஜஸ்வாலின் 'சுகர்பிரெட்' (2016) பின் என்ற சீக்கியச் சிறுமியின் கதை. அவளுக்குப் பத்து வயதுதான், ஆனாலும் அம்மா மூடி மூடி வைக்கிற குடும்ப ரகசியத்தை அவள் மோப்பம் பிடிக்கிற அழகுக்காகப் பெரிய பிள்ளைகளுக்கும் கொடுக்கலாம். பிரசாந்தி ராமின் 'நைன் யார்ட் சாரீஸ்' (2023) தமிழ்ப் பிராமணக் குடும்பம் ஒன்றின் பல தலைமுறைப் பெண்களைப் பற்றிய சிறுகதைகள். தமிழில் லதாவின் 'நான் கொலை செய்யும் பெண்கள்', 2008இல் சிங்கப்பூர் இலக்கியப் பரிசு வாங்கிய தொகுப்பு. பிந்திய இரண்டும் பெரியவர்களுக்கு எழுதியவை, 16க்கு மேல் நல்ல வாசிப்புள்ள பெண்ணுக்குப் பொருந்தும்.

வயதுக்கு வருவதைப் பற்றித் தமிழில் எழுதவே இல்லை என்று யாராவது சொன்னால், அம்பையின் 'அம்மா ஒரு கொலை செய்தாள்' கதையைக் கையில் கொடுங்கள். சில பக்கங்கள்தான். அம்மா ஊரில் இல்லாத நேரத்தில் கறுப்பான ஒரு சிறுமி பெரியவளாகிறாள். வீட்டில் இருப்பவர்கள் பேசுவது எதுவும் அவளுக்கு விளங்கவில்லை, பயம். அம்மா வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று காத்திருக்கிறாள். அம்மாவோ உறவுப் பெண் ஒருத்தியை நிறத்தைக் காட்டிப் பிள்ளை வீட்டார் வேண்டாம் என்று சொன்ன எரிச்சலோடு வருகிறாள். வந்து மகளிடம், இதற்கு உனக்கென்ன இப்போது அவசரம் என்கிற மாதிரி ஒரு வார்த்தை. அவ்வளவுதான். உயர்நிலை நான்கு வகுப்பில் இதை ஒருமுறை வாசித்துக் காட்டியபோது பின்வரிசையில் எப்போதும் தூங்கும் பெண் நிமிர்ந்து உட்கார்ந்து, "அவங்க அம்மா சாரி சொன்னாங்களா டீச்சர்?" என்று கேட்டாள். சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை'யும் (2004) ராபியா என்ற சிறுமியின் கண்ணோடு நிறைய நடக்கிறது. வயதுக்கு வந்ததும் பள்ளிக்கூடம் நின்றுபோன எழுத்தாளர் எழுதியது.

ஆக, எழுதத் தெரியாமல் இல்லை. நம் அலமாரியில் பாப்பாக் கதைக்குப் பக்கத்திலேயே பெரியவர்கள் நாவல். நடுத்தட்டு காலி. இங்கே இன்னொரு சிக்கலும் சேர்கிறது, உங்களுக்குத் தெரியாததில்லை. பதினைந்து வயதுப் பிள்ளை ஆங்கிலத்தில் இருநூறு பக்கத்தை ஒரே மூச்சில் முடிக்கும். தமிழில் அதே பிள்ளைக்குச் சரளமாகப் படிக்க வருவது பத்து வயதுக்கான நடை. அந்த நடையில் என்ன கிடைக்கிறது? நரியும் காக்காயும். அவள் மனம் இருப்பதோ வேறெங்கோ. எளிய தமிழில், முதிர்ந்த விஷயம். அதுதான் வேண்டும், எழுதுவதற்கு அதுதான் கஷ்டமும். பள்ளியிலேயே பேச்சுத்தமிழுக்கு இடம் கொடுத்துவிட்டோம். உரையாடலையாவது பிள்ளைகள் பேசுகிற மாதிரி எழுதினால் பாதி வேலை முடிந்தது.

அமெரிக்கக் கதையை அப்படியே இங்கே இறக்குமதி செய்யவும் முடியாது. அங்கே நாயகி வெள்ளைக்காரப் பிள்ளைகள் நடுவில் தனியாள். இங்கே அவளுக்குப் பக்கத்து வீட்டில் மலாய்க் குடும்பம், வகுப்பில் பெரும்பாலும் சீனப் பிள்ளைகள், தாய்மொழிப் பாடவேளையில் மட்டும் திடீரென்று எல்லாரும் தமிழ்ப் பிள்ளைகள். எம்ஆர்டி ரயிலில் இரவு ஒன்பதுக்குத் தனியாக வரலாம், ஆனால் அடுக்குமாடி புளோக்குக் கீழே ஒரு பையனோடு பேசினால் அவள் மின்தூக்கியில் ஏறுவதற்குள் அம்மாவுக்கு வாட்ஸ்அப் போயிருக்கும். இந்தச் சுதந்திரமும் இந்தக் கண்காணிப்பும் சேர்ந்த கலவையை நியூ ஜெர்சிக்காரர் எழுத முடியாது.

எனக்கு 14 வயது. இந்த மாதிரி ஒரு கதையைத் தமிழில் எழுத ஆசை. தமிழில் பி3 தான் வாங்கினேன். எங்கிருந்து தொடங்குவது டீச்சர்?
– மாணவி, சுவா சூ காங்

பி3 போதும். நாயகி கண்ணாடி முன்னால் நின்று தன் கண் மூக்கை வர்ணிப்பதிலிருந்து தொடங்காதே. ரொம்பப் பேர் செய்துவிட்டார்கள். தோசை என்றால் என்ன என்று யாருக்கும் விளக்காதே. முதல் பக்கத்திலேயே அவளுக்கு ஒன்று வேண்டும். பள்ளிக் கூடைப்பந்து அணியில் இடமோ, ஒரு சைக்கிளோ, அக்கா இல்லாத ஓர் அறையோ, எதுவானாலும் சரி. அதைத் தராமல் தடுக்கிற ஆளுக்கும் ஒரு நியாயம் கொடு. பையன் வேண்டுமானால் மூன்றாம் அத்தியாயத்தில் வரட்டும், அவசரமில்லை. அம்மா பேசுவதை உங்கள் அம்மா பேசுகிற மாதிரியே எழுது.

முடித்ததும் இந்தப் பக்கத்தின் முகவரிக்கே அனுப்பு. ஒற்றுப் பிழையை நான் திருத்துகிறேன். மற்றதில் கை வைக்க மாட்டேன்.